தனியாக இருக்கும் சுகர் கிளைடருக்குத் துணை சேர்ப்பது: மலைக்குளிரில் எந்த வரிசையில் செய்வது?

கோத்தகிரி_காற்று:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரே ஒரு ஆண் சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும், பையில் குட்டி வளர்க்கும் ஆஸ்திரேலியச் சிறு மிருகம்). இரண்டு வயது, கருத்தடை செய்யவில்லை, எடை 118 கிராம். இப்போது வாலின் அடிப்பக்கத்தில் முடி மெலிந்து தெரிகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கூண்டின் ஒரே மூலையில் திரும்பத் திரும்பக் குட்டிக்கரணம் அடிக்கிறான், விடிகாலையில் நாய்க்குட்டி மாதிரி குரைக்கிறான். துணை இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோவையில் ஒருவரிடம் பெண் குட்டி இருக்கிறது. கொண்டுபோய் அதே கூண்டில் விட்டால் ரெண்டு நாளில் பழகிவிடும் என்கிறார். கூண்டு 45 × 45 செ.மீ. தரை, 60 செ.மீ. உயரம். நவம்பர் கடைசியில் கூட்டிவரலாம் என்று இருக்கிறேன். குட்டி நல்லதா பெரியது நல்லதா, எப்படிச் சேர்ப்பது, இங்கத்திய குளிருக்கு என்ன ஏற்பாடு, தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

குன்னூர்_வேணி:
அதே கூண்டில் நேராக விடவே விடாதீங்க தம்பி.

கிளைடர்களுக்கு ஆள் அடையாளம் எல்லாம் மணத்தில்தான். ஆணின் உச்சந்தலையில் வழுக்கை மாதிரி தெரிவது ஒரு மணச்சுரப்பி. நெஞ்சில் ஒன்று, கழிவாய்ப் பக்கத்தில் இன்னும் சில. கூட்டத்தில் இருக்கிற எல்லார் மேலும் அந்த மணத்தைத் தேய்த்து வைப்பான். காட்டில் ஒரே மரப்பொந்தில் ஏழெட்டு ஒன்றாகச் சுருண்டு தூங்கும், அத்தனைக்கும் ஒரே மணம். அந்த மணம் இல்லாத ஒன்று பொந்துக்குள் வந்தால் விரட்டும், கடிக்கும். உங்கள் கூண்டின் கம்பி, கிளை, துணிப்பை எல்லாவற்றிலும் அவன் மணம் ஊறிக் கிடக்கிறது. அங்கே அவன் எடையில் பாதிகூட இல்லாத குட்டியைப் போட்டால் அது ஓடி ஒளிய இடமே இல்லை. ஒரே ராத்திரியில் குட்டி செத்துப்போகலாம்.

துணை வேண்டும் என்ற முடிவு சரியானது. நாம் தூங்கும் நேரம்தான் அவர்கள் விழித்திருக்கும் நேரம். சாயங்காலம் ஒரு மணி நேரம் சட்டைப்பைக்குள் வைத்துச் சுற்றினாலும், ராத்திரி முழுக்க முடி கோதிவிட இன்னொரு கிளைடர் இருப்பதற்கு அது ஈடாகாது. ஆனால் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் இருப்பவனின் உடம்பைப் பாருங்கள். அடுத்து கருத்தடை. புதியவள் வந்ததும் நோய் தொற்றாமல் இருக்க ஒரு மாதம் தனி அறை. அதன் பிறகு துணி மாற்றி மணம் பழக்குவது, பொதுவான இடத்தில் சந்திப்பு, எல்லாம் ஒத்துவந்த பிறகே ஒரே கூண்டு.

பைக்குட்டி_டாக்டர்:
வாலடியில் முடி மெலிவதற்குத் தனிமைதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். தோல் பூச்சி, தோல் தொற்று, சிறுநீர்ப்பாதை எரிச்சல், கழிவாய்ச் சுரப்பி அடைபட்டு வீங்குவது, இவற்றில் எது இருந்தாலும் அந்த இடத்தைத்தான் நக்கியும் கடித்தும் முடியை எடுப்பான். இவற்றைப் பார்த்துத் தள்ளிய பிறகே மன உளைச்சல் என்று சொல்ல முடியும். வலியோடு இருக்கும் ஆணிடம் புதிய துணையைக் கொண்டுபோனால் கடிதான் கிடைக்கும்.

தோல் சிவந்து ஈரமாகத் தெரிந்தாலோ, ஒரு சொட்டு ரத்தம் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். கிளைடர் தன் வாலையும் காலையும் பிறப்புறுப்பையும் எலும்பு தெரியும் அளவுக்குக் கடித்துக்கொள்ளும், அது ஒரே ராத்திரியில் நடந்துவிடும். கடிக்க விடாமல் தடுக்கும் கழுத்துப்பட்டையும் வலி நிவாரணியும் உடனே வேண்டும். மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

போகும்போது அன்று ராத்திரி விழுந்த மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். பேதி இல்லாவிட்டாலும் ஜியார்டியா, காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதியவளுக்கும் இதே பரிசோதனை.

கருத்தடைக்கு நாய் பூனை பார்க்கும் எல்லா இடமும் சரிவராது. முன்கூட்டியே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: கிளைடருக்கோ அதே அளவு சின்ன மிருகத்துக்கோ செய்த அனுபவம் உண்டா, ஐசோஃப்ளூரேன் மயக்கவாயு இருக்கிறதா, மயக்கம் தெளியும்வரை சூடாக வைக்க ஏற்பாடு உண்டா. மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் வேறு இடம் பாருங்கள். நீலகிரிக்காரர்கள் கோவை வரை போகத் தயாராக இருப்பது நல்லது. எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை அவர்களிடமே கேளுங்கள். நாய்க்குச் சொல்வதுபோல் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போட்டால் இவ்வளவு சின்ன உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும்.

அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று ராத்திரி அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும். தையலைக் கடிப்பது அந்த நேரத்தில்தான்.

கோத்தகிரி_காற்று:
நன்றி டாக்டர். இந்த வாரமே காட்டுகிறேன். கருத்தடை கட்டாயமா? ஒரு தடவை குட்டி எடுத்துவிட்டுப் பிறகு செய்யலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பூம்பாறை_இரவு:
வேண்டாம். காரணம் சொல்கிறேன், வீட்டிலும் காட்டுங்கள்.

கர்ப்பம் 15 முதல் 17 நாள்தான். பிறக்கும் குட்டி 0.2 கிராம், அரிசி மணி அளவு. தாயின் பைக்குள் ஏறத்தாழ 70 நாள் இருக்கும், வெளியே வந்த பிறகும் கண் திறக்கப் பத்து நாள் ஆகும், தாயைப் பிரிக்க இன்னும் இரண்டு மாதமாவது வேண்டும். இந்தக் காலம் முழுவதும் சத்தமில்லாத, சூடான, பழகிய இடம் தேவை. புதிதாகச் சேர்ந்த ஜோடிக்குக் குளிர்காலத்தில் இது எதுவும் இருக்காது. பயமோ சத்துக்குறைவோ வந்தால் பெற்றவர்களே குட்டியைத் தின்றுவிடுவார்கள். தப்பிப் பிழைத்த பெண் குட்டி ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும், அப்பன் அதனோடும் சேருவான். விற்கிறவரிடம் இருக்கும் பெண்ணும் உங்கள் ஆணும் எந்த வழி வந்தவை என்று எழுதிவைத்த தாள் இல்லாதபோது, முதல் ஈத்தே உறவுக்குள் ஈத்தாக இருக்கலாம்.

இன்னொன்று, கருத்தடை செய்யாத ஆண் மணத்தின் மேல் வைக்கும் பிடிவாதம் அதிகம். செய்த பிறகு சில மாதத்தில் தலைச் சுரப்பி சுருங்கி அங்கே முடி முளைத்துவிடும், விரட்டுவதும் குறையும். சந்திப்பு பாதி சுலபமாவது இதனால்தான்.

ஜோடிப் பொருத்தம்: கருத்தடை செய்த ஆணுக்கு ஒரு பெண்ணோ இரண்டு பெண்ணோ, இதுதான் மிகச் சுலபம். இரண்டு பெண்கள் ஒத்துப்போகும், ஆனால் பழக நாளாகும். கருத்தடை செய்யாத இரண்டு பெரிய ஆண்களைச் சேர்க்க நினைக்கவே கூடாது.

பைக்குட்டி_டாக்டர்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்த அன்றே மலடாகிவிட மாட்டான். குழாயில் மிச்சம் இருக்கும் விந்து சில வாரம் வேலை செய்யும். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் ஆறு வாரம் கழித்துத்தான் பெண்ணோடு நேரடிச் சந்திப்பு. புதியவளின் தனிமைக் காலமும் ஒரு மாதம் என்பதால் இரண்டும் ஒன்றாகவே ஓடிவிடும், நாள் வீணாகாது.

குன்னூர்_வேணி:
வயது பற்றி. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. இந்த எட்டு வாரம் பையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து எண்ணுவது. பிறந்த நாளிலிருந்து என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். என் கணக்கில் பன்னிரண்டு வாரம் தாண்டியதுதான் சரி. அந்த வயதில் மனிதர் கைக்கும் பழகும், பெரியவனுக்கும் அடங்கிப் போகும்.

பூம்பாறை_இரவு:
வேணி அக்கா, இந்த ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். மலை ஊரில், அதுவும் டிசம்பரில், பன்னிரண்டு வாரக் குட்டியை ஒரு மாதம் தனிக் கூண்டில் ஒற்றையாகத் தூங்க வைப்பது சிரமம். உடம்புச் சூட்டைத் தக்கவைக்க அதற்குக் கூட்டம் வேண்டும். பெரியவன் துரத்தினால் எதிர்த்து நிற்கவும் தெரியாது. இவருக்கு ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், 100 கிராமுக்குக் குறையாத, முன்பே வேறு கிளைடர்களோடு இருந்து பழகிய பெண்தான் பொருத்தம். முன்கால் இரண்டையும் தூக்கிக் கத்தி "கிட்டே வராதே" என்று நிறுத்தத் தெரிந்த பெண்ணிடம் ஆண் மரியாதையாக நடந்துகொள்வான்.

குன்னூர்_வேணி:
குளிரைச் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைக்கே வராத பெரிய பெண்ணாக இருந்தால் எடை பார்ப்பது, மருந்து ஊற்றுவது எல்லாம் ரொம்பக் கஷ்டம். அப்படியானால் வாங்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் போய், துணிப்பையோடு மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுவேன். கத்தலாம், அது பயம். பையை விட்டுப் பாய்ந்து வந்து கடித்து விடாமல் தொங்கினால் வேண்டாம். குட்டிதான் என்று முடிவானால் மார்ச் வரை பொறுத்திருங்க.

கூடலூர்_மழை:
வாங்கும்போது பார்க்க வேண்டியதை எழுதுகிறேன். கண் இரண்டும் துருத்திப் பளிச்சென்று இருக்கணும், ஓரத்தில் பீளை கூடாது. பின்கால்தான் முக்கியம். கம்பியில் ஏறவிட்டுப் பாருங்க. பின்காலை இழுத்துக்கொண்டு ஏறினாலோ நடுங்கினாலோ சுண்ணாம்புச் சத்துக் குறைவு. தேனும் பழமும் குழந்தைக் கூழும் மட்டுமே போட்டு வளர்த்த இடங்களில் இது சாதாரணம். அடிவயிற்றில் பை சுத்தமாக, வாசனை இல்லாமல் இருக்க வேண்டும். இப்போது என்ன தின்கிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அதையே முதல் இரண்டு வாரம் கொடுக்கணும். ரசீது இல்லாமல் வாங்காதீங்க.

பயணம்: கோவையிலிருந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் அது விழித்துக் கூண்டைப் பிறாண்டும். விடிகாலையில் கிளம்பினால் மேட்டுப்பாளையம் வெயிலும் படாது, அதுவும் தூங்கிக்கொண்டே வரும். ஜிப் வைத்த துணிப்பை, அது ஒரு கெட்டியான சின்ன பெட்டிக்குள், பெட்டி மடியில். டிக்கியில் வைக்கக் கூடாது. மேலே ஏற ஏற இரண்டு மணி நேரத்தில் குளிர் கூடிவிடுவதால் கொண்டை ஊசி வளைவு தொடங்கும் இடத்தில் பெட்டியைச் சுற்றி ஒரு சால்வை போடுங்க. ஆப்பிள் துண்டு ஒன்று உள்ளே இருந்தால் தண்ணீர்க் குறையைத் தீர்க்கும், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் வளைவில் கொட்டி உடம்பு நனைந்துவிடும். விற்பவரே அவர் வண்டியில் கொண்டுவருவதானால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

லவ்டேல்_வயர்மேன்:
சூடு பற்றி நான் எழுதுகிறேன். கிளைடருக்கு இதமான சூடு 24 முதல் 27 டிகிரி. 20 வரை சமாளிக்கும். 16க்குக் கீழே போனால் உடம்பு தானே அணைந்து விறைத்துத் தூங்கும் நிலைக்குப் போகலாம். கோத்தகிரியில் டிசம்பர், ஜனவரி ராத்திரி வெளியே பத்து டிகிரியை ஒட்டி இறங்கும், ஊட்டிப் பள்ளங்களில் உறைபனியே விழும். ஓட்டு வீடானால் உள்ளேயும் அதிக வித்தியாசம் இருக்காது.

வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பு வாங்குங்கள். ஒரு கூண்டுக்கு 100 வாட் போதும். சிவப்பு பல்பு வேண்டாம், ராத்திரி நடமாட்டத்தைக் கெடுக்கும். ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகும். பல்பைக் கூண்டுக்கு வெளியே, கம்பியிலிருந்து 25 செ.மீ. தள்ளி, தூங்கும் பைக்குப் பக்கவாட்டில் மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் அதன் மேல் தாவி வெந்துபோகும். தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துப் பல்பைத் தானே எரியவிட்டு அணைக்கும் கருவி) கட்டாயம். அதன் சென்சார் பை தொங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் போட்டு வைத்தால் தரை 24 ஆகும்வரை பல்பு எரியும், மேலே பை 35க்குப் போய்விடும். கூண்டின் மறு பக்கத்தைச் சூடில்லாமல் விடுங்கள், வேண்டாம் என்றால் நகர்ந்துகொள்ளும்.

மின்வெட்டுக்கு: 150 ஆம்பியர்-மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 100 வாட்டை ராத்திரி முழுக்கத் தாங்கும். தனிமைக் காலத்தில் இரண்டு அறை, இரண்டு பல்பு, 200 வாட். பாதி ராத்திரிதான் வரும். இதை யாரும் யோசிப்பதில்லை. வெந்நீர்ப் பையை இரண்டு சுற்று துணி சுற்றித் தூங்கும் பையை ஒட்டிக் கம்பிக்கு வெளியே கட்டுங்கள். உள்ளே வைத்தால் ரப்பரைக் கடிக்கும்.

கரிக் கணப்பை அந்த அறையில் வைக்கவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு மனிதரையே கொல்லும்.

பைக்குட்டி_டாக்டர்:
விறைத்துக் கிடந்தால்: கை கால் சில்லென்று, எழுப்பினால் அசைவு மந்தமாக இருக்கும். சட்டைக்குள் உங்கள் உடம்போடு ஒட்டி வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஹேர் டிரையர், நெருப்பு, வெந்நீர் எதுவும் வேண்டாம். முழுதாக விழித்துத் தானே தலை தூக்கும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போகும். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவர்.

குன்னூர்_வேணி:
தனிமைக் காலம் 30 நாள். வேறு அறை, கதவு மூடியிருக்க வேண்டும். முதலில் பழையவனுக்குச் சாப்பாடு, அவன் கூண்டு வேலை, கடைசியில் புதியவள். திரும்ப அவனிடம் போவதானால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் போங்கள். கிண்ணம், தண்ணீர் பாட்டில், துடைக்கும் துணி எல்லாம் தனித்தனி. வாரம் இருமுறை ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன், ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசில் பையோடு எடை பார்த்து, பையின் எடையைக் கழியுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவர். மலப் பரிசோதனை வந்த வாரத்தில் ஒன்று, மாதக் கடைசியில் ஒன்று. ஒரே தடவையில் ஒட்டுண்ணி பிடிபடாமல் போவது உண்டு.

ஊட்டிக் கடைகளில் கிடைக்கும் கம்பளிப் பின்னல், பூந்துவாலை இரண்டையும் பையாகத் தைக்க வேண்டாம். நூல் வளையத்தில் நகம் சிக்கி விரல் அறுபடும். நூல் பிரியாத ஃப்ளீஸ் துணி, தையல் உள்ளே மறைந்திருக்கும்படி. மழைக்காலத்தில் மூன்று செட் இருந்தால்தான் காய்ந்தது கைக்குக் கிடைக்கும்.

இனி சேர்ப்பது. பரிசோதனை இரண்டும் சுத்தமாக வந்த பிறகு இரண்டு கூண்டையும் ஒரே அறைக்குக் கொண்டுவாருங்கள். நடுவே 15 செ.மீ. இடைவெளி கட்டாயம். ஒட்டி வைத்தால் கம்பி வழியே விரலைக் கடித்துத் துண்டாக்கும். முதல் சில நாள் பயங்கரக் கத்தல் இருக்கும், மாவு மில் ஓடுகிற மாதிரி கரகரவென்று. அது பயத்தின் சத்தம், சண்டை இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் இருவரும் தூங்கப் போகும் முன் பையை மாற்றுங்கள். அவள் தூங்கிய பை அவனுக்கு, அவனுடையது அவளுக்கு. துவைக்காமல். முதலில் பையைக் கடிப்பான், மேலே மூத்திரம் விடுவான், உள்ளே போக மறுப்பான். பிறகு ஒரு நாள் சும்மா நுழைந்து படுப்பான். இருவருமே மறுப்பில்லாமல் படுப்பதுதான் அடுத்த படிக்கான அடையாளம், நாட்கணக்கு முக்கியமில்லை. சில ஜோடிக்கு ஒரு வாரம், சில ஜோடிக்கு ஒரு மாதம்.

இந்த நாட்களில் வீட்டில் பினாயில், ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் வேண்டாம். சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்த கையோடும் தொடாதீங்க. எந்த மணத்தைப் பழக்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அதை மூடிவிடும்.

பூம்பாறை_இரவு:
சந்திப்பை நான் எழுதுகிறேன், அக்கா விட்டதைச் சேர்க்கட்டும்.

இடம்: இருவரும் இதுவரை போகாத இடம். விரித்துப் போடும் கொசுவலைக் கூடாரம் அருமையானது. அடிப்பகுதி தைத்து மூடியதாக இருக்கணும். குளியலறை என்றால் வாளியைக் காலி செய்து, கழிவறை மூடியைப் போட்டு, வடிகால் ஓட்டையையும் ஜன்னல் கண்ணாடி இடைவெளியையும் அடைத்து, ஓடுகள் சில்லிட்டுப் போகாமல் விரிப்புப் போட்டு, அறைச் சூடு 24 வரும்வரை காத்திருந்து தொடங்குங்கள். குளிரில் நடுங்கும் கிளைடர் கடிக்கும்.

நேரம்: இரவு ஏழு, ஏழரை. எழுந்து சோம்பல் முறித்த பின், சாப்பாட்டுக்கு முன்.

உள்ளே: ஒளிவதற்கு இரண்டு வாயும் திறந்த துணிக் குழாய் இரண்டு, ஒரு வாய் மட்டும் உள்ள பொந்து எதுவும் கூடாது, மூலையில் மாட்டிக்கொள்ளும். மீல்வார்ம் (தீனியாகக் கொடுக்கும் புழு) ஏழெட்டு, தள்ளித் தள்ளி. பெரிய துவாலை ஒன்று, தோல் கையுறை ஒரு ஜோடி உங்கள் கையருகே. இருவர் முதுகிலும் புளிக்காத தயிர் ஒரு துளி தடவுங்கள். தன்னை நக்கத் தொடங்குவது பயத்தைக் குறைக்கும், அடுத்தவர் முதுகை நக்கவும் வழி திறக்கும்.

முதல் நாள் 15 நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள். கத்துவது, முன்காலைத் தூக்கி நிற்பது, ஒரு பாய்ச்சல் பாய்ந்து விலகுவது, துரத்தி மோந்துவிட்டு நிற்பது எல்லாம் சரி. அவன் தலையை அவள் நெஞ்சில் தேய்த்தால் மிகவும் நல்லது. இருவரும் பந்தாக உருண்டு, சத்தம் திடீரென்று நின்று, முடி பறந்தால் அது சண்டை. உடனே துவாலையைப் போட்டு மூடிக் கையுறையோடு பிரிக்க வேண்டும். வெறுங்கையை நுழைத்தால் எலும்பு வரை கடி இறங்கும். அன்றைக்கு அதோடு நிறுத்தி, மூன்று நாள் பை மாற்றத்துக்கே திரும்புங்கள்.

சந்திப்பைத் தினமும் நடத்துங்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு மணி நேரம் சண்டையில்லாமல் போய், இருவரும் ஒரே துணிக் குழாயில் நுழைந்து உட்காரத் தொடங்கினால் கூண்டுக்குத் தயார்.

கூடலூர்_மழை:
இரண்டு பேர் மேலும் வெனிலா எசன்ஸ் தடவினால் ஒரே மணம் வந்துவிடும், இத்தனை நாள் வேண்டாம் என்று ஒரு குறுக்குவழி சொல்கிறார்களே?

குன்னூர்_வேணி:
வேண்டாம். அது சில மணி நேரத்தில் போய்விடும், நடு ராத்திரியில் உண்மையான மணம் வெளியே வரும்போது ஒரே கூண்டில் அந்நியர்களாக விழித்துக்கொள்வார்கள். எசன்ஸில் சாராயமும் இருக்கும், நக்கி உள்ளே போகும்.

பகல் முறை என்று ஒன்று சொல்வார்கள். தூக்கக் கலக்கத்தில் இருவரையும் ஒரே பையில் போட்டு மடியில் வைப்பது. கூடாரத்தில் நன்றாகப் பழகிய பிறகு செய்தால் உதவும். முதல் சந்திப்பாகச் செய்தால் இருட்டுப் பையில் தப்ப வழியில்லாமல் சண்டை நடக்கும், வெளியே இருந்து நமக்குத் தெரியவும் தெரியாது.

லவ்டேல்_வயர்மேன்:
கூண்டு: 45 × 45 × 60 ஒன்றுக்கே குறைவு. ஜோடிக்குக் குறைந்தது 60 × 60 தரை, 90 செ.மீ. உயரம். உயரம் கூடினால் இன்னும் நல்லது. கம்பி இடைவெளி 1.25 செ.மீ.க்கு மேல் கூடாது. பட்டறையில் செய்யச் சொல்பவர்கள் வெறும் ஜிஐ வெல்ட் மெஷ் போடாதீர்கள். மூத்திரம் பட்டுத் துத்தநாகப் பூச்சு கரையும், அதைக் கடித்தால் விஷம். பவுடர் கோட்டிங் அடித்த கம்பிதான், வெட்டிய முனைகளை உள்ளே விடாமல். சக்கரம் வைப்பதானால் நடுவில் அச்சு குறுக்கே ஓடாத வகை, வால் சுற்றிக்கொள்ளும்.

பூம்பாறை_இரவு:
குடியேற்றம் பழைய கூண்டில் வேண்டாம், எப்படியும் புதியது வாங்கியாக வேண்டும். புதிய கூண்டில் இருவரின் பழைய ஃப்ளீஸும் கலந்து கட்டுங்கள். பை மூன்று, சாப்பாட்டுக் கிண்ணம் இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு. கிண்ணங்கள் வேறு வேறு உயரத்தில், ஒன்றில் உட்கார்ந்தவனுக்கு மற்றது தெரியாதபடி. விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் சேருங்கள், முதல் ராத்திரி ஒருவர் விழித்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஒரே பையில் தூங்கினால் வேலை முடிந்த மாதிரிதான். தனித்தனிப் பையில் என்றால் பரவாயில்லை, நாளாகும். ஒன்று தரையில் படுத்திருந்தால் பிரித்துவிடுங்கள், அதை மற்றது பையில் ஏற விடவில்லை.

முதல் இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் கழுத்து, முதுகு, காது, வாலடி, அவள் அடிவயிற்றுப் பையின் வாய் எல்லாம் முடியை ஊதிப் பாருங்கள். கடித்த ஓட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும், நாலு நாள் கழித்துச் சீழ் கட்டியாக வீங்கும்.

குன்னூர்_வேணி:
ஒன்றை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒத்துப்போகாத ஜோடி உண்டு. அப்படியானால் ஆயுசு முழுக்க இரண்டு கூண்டு, பக்கத்தில் பக்கத்தில், அதே 15 செ.மீ. இடைவெளியில். சத்தமும் மணமும் கேட்டுக்கொண்டு இருப்பது முழுத் தனிமையைவிட மேல். இவர்கள் பத்து, பன்னிரண்டு வருஷம் வாழ்பவர்கள். இரண்டு கூண்டு வைக்க இடமும் செலவும் முடியாது என்றால் இப்போதே நின்றுவிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் நியாயம்.

கூடலூர்_மழை:
சாப்பாட்டில் சின்ன விஷயம். சந்திப்பு நடக்கும் நாட்களில் புது உணவு எதையும் தொடங்காதீங்க. இருவர் உணவும் வேறாக இருந்தால் தனிமைக் காலத்திலேயே இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றாக்கிவிடணும். சுண்ணாம்பும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கெடக்கூடாது. பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மீல்வார்மைச் சந்திப்புக்கு மட்டும் வைத்து, பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியைத் தூவிக் கொடுங்கள். மலைப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று பட்டர் ஃப்ரூட் கொடுக்காதீங்க, ஆபத்து. பிளம்ஸ், பீச் கொட்டையை எடுத்துவிடுங்கள். தோட்டத்துக் கேரட், பீன்ஸ் மருந்தடித்ததாக இருக்கும், தோல் சீவி நன்றாகக் கழுவி.

கிளை வேண்டும் என்றால் நம்மூரில் கஷ்டமே இல்லை. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, கிளைடருடைய சொந்த ஊர் மரங்கள். அங்கே சீகைப் பிசினை மரப்பட்டையில் பல்லால் சுரண்டித் தின்னும். பட்டா நிலத்தில் விழுந்த கிளையை, சாலையோரமும் தேயிலைக்கு மருந்தடிக்கிற வரிசையும் இல்லாத இடத்தில் எடுத்து, தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கட்டுங்கள். பிசின் மட்டும் வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் இருக்கிறது.

எடப்பள்ளி_அணில்:
எங்கள் எஸ்டேட்டில் பறக்கும் அணில் குட்டி ஒன்று மரம் விழுந்தபோது கிடைத்திருக்கிறது. பார்க்க இதே மாதிரிதான். அதைத் துணையாக விடலாமா?

பைக்குட்டி_டாக்டர்:
கூடாது. அது வேறு மிருகம். நம் காட்டுப் பறக்கும் அணில் கொறிக்கும் இனம். கிளைடர் கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் இனம். உணவு, மணம், நோய் எதுவும் ஒத்துவராது. பறக்கும் அணில் 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். குட்டியைச் சூடாக, இருட்டான பெட்டியில் வைத்து, பால் எதுவும் ஊற்றாமல், இன்றே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து மற்றவர்களுக்கும்: ஒத்துப்போகவில்லை என்று கிளைடரைச் சோலையில் விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்கு வெளியிலிருந்து கொண்டுபோகப்பட்ட கிளைடர்கள் மரப்பொந்தில் அடைகாக்கும் ஸ்விஃப்ட் கிளியைக் கூட்டிலேயே தின்று, அந்த இனத்தையே அழிவின் ஓரத்துக்குத் தள்ளியிருக்கின்றன. நம் சோலையிலும் பொந்தில் முட்டையிடும் கிளியும் குக்குறுவானும் இருக்கின்றன. ஜன்னலுக்கு வலை அடிப்பது இதற்காகவும்தான்.

எடப்பள்ளி_அணில்:
சரி டாக்டர், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரி_காற்று:
எல்லோருக்கும் நன்றி. இப்படித் திட்டம் போட்டிருக்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். இந்த வாரம் வாலடியும் மலமும் பரிசோதனை. சரியென்றால் நவம்பர் தொடக்கத்தில் கருத்தடை. குட்டி வேண்டாம், கோவைக்காரரிடமே ஒன்றரை வயதுப் பெண் ஒன்று இருக்கிறதாம், போய் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு நவம்பர் கடைசியில் கூட்டிவருவேன். 60 × 60 × 100 கூண்டு பவுடர் கோட்டிங்கோடு சொல்லியாயிற்று, அது வந்ததும் அவனை அதற்கு மாற்றிவிட்டு, பழைய கூண்டில் அவளைத் தனிமைக்கு வைப்பேன். டிசம்பர் கடைசியில் பை மாற்றம்.

பூம்பாறை_இரவு:
ஒன்றே ஒன்று. பெரிய கூண்டுக்கு அவனை இப்போதே மாற்றாதீர்கள். சேர்க்கும் நாளுக்குள் அதுவும் அவன் மணம் ஊறிய இடமாகிவிடும். தனிமைக் காலத்துக்கு அவளுக்குச் சின்னதாக ஒன்று இரவல் வாங்குங்கள், பெரியதை மூடிக் கட்டி வையுங்கள்.

லவ்டேல்_வயர்மேன்:
கூண்டு இரவல் வாங்கினால் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து எடுங்கள். டிசம்பரில் வெயில் கிடைப்பது பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரைதான், அதற்கேற்ப நாள் பாருங்கள். இரண்டாவது தெர்மோஸ்டாட்டையும் இப்போதே வாங்கி, கூண்டு காலியாக இருக்கும்போதே இரண்டு ராத்திரி ஓடவிட்டு, பை உயரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கோத்தகிரி_காற்று:
சரி அண்ணா. தெர்மோஸ்டாட் இரண்டாக வாங்குகிறேன், பெரிய கூண்டைப் பிரிக்காமல் வைக்கிறேன். மலப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.